சந்தேகம் இருந்தால் எண்ணாதே

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்புக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சிறுநீரகத் திசுவில் ரத்தக் குழாய்களை எண்ணுகிறவர்களுக்கான விதிகள் அதில் இருந்தன. ஒன்று, எந்த எலியுடைய ஸ்லைடு என்று தெரியாமல் எண்ண வேண்டும். இரண்டு, லென்ஸில் தெரியும் கட்டத்தின் இடது கோட்டையும் மேல் கோட்டையும் தொடும் குழாயைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வலது கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொடுவதை விட்டுவிட வேண்டும். மூன்று, சந்தேகம் இருந்தால் எண்ணாதே. தாளைத் தட்டச்சு செய்து ஒட்டியவள் நானே. இரண்டாவது விதியை மட்டும் நான் ஒருநாளும் மீறவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. உயிர்த் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்துவிட்டு, புதுச்சேரிக்குச் சற்று வெளியே இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து மொபெட்டில் அரை மணி நேரம்.

நாள்பட்ட சிறுநீரக நோய் என்றால் வடிகட்டி அடைத்துக்கொண்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது வேறு. நோய் தொடங்கிய பின் காணாமல் போகிறவை முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள். ஒரு குழாய் மறைந்தால் அது ஊட்டிய இடம் மூச்சுக்குத் தவிக்கிறது. தவித்த இடம் தழும்பாகிறது. தழும்பு இறுகி அடுத்த குழாயை நெரிக்கிறது. ஆரம்பித்து வைத்தது சர்க்கரையோ ரத்த அழுத்தமோ, ஒரு கட்டத்துக்குப் பின் அதன் துணைகூட வேண்டியதில்லை. சிறுநீரகம் தன்னைத்தானே தின்றுகொண்டு போகும். நல்ல சிறுநீரகத்தின் செல்கள் ஒரு புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். குழாய்ச் சுவரின் செல்களை உயிரோடு இருக்கச் சொல்லும் உத்தரவு அது. நோய் முற்ற முற்ற அந்த உத்தரவு குறைகிறது. அதை வெளியிலிருந்து ஊசியாகக் கொடுத்தால் குழாய்கள் நிற்குமா என்பதுதான் எங்கள் கேள்வி.

எலிகளின் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, மற்றதிலும் பெரும்பகுதிக்கு ரத்தம் போகாமல் கட்டிவிடுவார்கள். மிஞ்சிய துண்டு எல்லா வேலையையும் தானே செய்யப் பார்த்துச் சில வாரங்களில் கெடத் தொடங்கும். எங்களிடம் மூன்று கூட்டம் எலிகள் இருந்தன: மருந்தே பெறாதவை, முதல் வாரத்திலிருந்து பெற்றவை, தழும்பு விழுந்த பிறகு தாமதமாகப் பெறத் தொடங்கியவை. எந்த எண் எந்தக் கூட்டம் என்ற பட்டியல், நாங்கள் சார் என்று அழைத்த ஆய்வுத் தலைவரின் மேசைக்குள், ஒட்டிய உறையில் இருந்தது.

அதே மாதங்களில் என் அப்பாவின் சிறுநீரகமும் கெட்டுக்கொண்டிருந்தது.

அப்பா மின்துறையில் லைன்மேன். ஐம்பத்திரண்டு வயது. நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே அவருக்குச் சர்க்கரை. எனக்குப் பட்டியல் போடாமல் கை சும்மா இருக்காது என்பதால் அவருக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். காலை எடை, அழுத்தம், எத்தனை தம்ளர் தண்ணீர், வீங்கிய கணுக்காலில் கட்டை விரலை அழுத்தி எடுத்தால் குழி எத்தனை நொடி நிற்கிறது. அம்மா காய்களை நறுக்கி, வேகவைத்து, பொட்டாசியம் போகட்டும் என்று அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்துப் போடுவாள். "சக்கைய துன்னுட்டு சாறு சாக்கடைக்கு" என்று அப்பா தினமும் சொல்வார். தினமும் சாப்பிடுவார்.

மார்கழியில் சிறுநீரக டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். கிட்னி இன்னும் சில மாதங்கள்தான் ஓடும். பிறகு டயாலிசிஸ். அதற்கு இடது கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஃபிஸ்டுலா போட வேண்டும். தைத்த குழாய் தடித்து ஊசி தாங்குகிற அளவுக்கு வர இரண்டு மாதம் பிடிக்கும். அதனால் இப்போதே போட்டுவிடுங்கள். "கடைசி நேரத்துல ஓடியாந்தீங்கன்னா கழுத்துல ட்யூப் போடறதைத் தவிர வழி இல்ல. அது நல்லதில்ல. அதுவரைக்கும் இடது கையில யாரையும் ஊசி போட விடாதீங்க. அந்த நரம்புதான் இனிமே உங்க உசுரு."

மறுநாள் காலையிலிருந்து அப்பாவின் இடது முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் ‘ஊசி வேண்டாம்’ என்று எழுதத் தொடங்கினேன். குளித்தால் அழியும்; தினமும் எழுதுவேன்.

"இருவத்தெட்டு வருசமா கம்பத்துக்கெல்லாம் நான் அபாயம் போர்டு மாட்டினேன். இப்ப எனக்கே மாட்டிட்டா என் பொண்ணு" என்றார். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மண்ட ஓடு போடலியா பாப்பா? அது இல்லாட்டி எவனும் நம்ப மாட்டான்" என்றார்.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா ஃபிஸ்டுலாவுக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்று சொன்னால் சரியாக இருக்காது. மறுக்கவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் திசுக்களை வெட்டிச் சாயம் ஏற்றும் அக்கா ஒருவர் இருந்தார். நெல்லித்தோப்பில் வீடு, மாதா கோயிலுக்கு ஒரு ஞாயிறும் தவறாதவர். அவருடைய பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா; கிட்னி போன பிறகு பாரிசில் பிள்ளைகளோடு இருந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருடைய கையின் போட்டோவை எடுத்துக்கொண்டு அக்கா ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"பாருங்கண்ணா, எத்தினி வருசமா ஓடுது. மார்க்கெட்டுக்குப் போறாரு, ஒயின் குடிக்கிறாரு, பெரியம்மாவ திட்டறாரு. ஒண்ணும் கொறச்சல் இல்ல."

அப்பா போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கயிறு கயிறாகப் புடைத்திருந்தது.

"இந்தக் கைய வச்சிக்கினு எப்டிம்மா கம்பத்துல ஏர்றது?"

"ஏற வேணாங்கண்ணா."

"அதத்தான் கேக்கறேன்" என்றார் அப்பா.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன்.

திசுத் துண்டுகள் மூன்று பெட்டிகளில் வந்திருந்தன, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெட்டி. வெளியே எண்கள் மட்டும். எல்லாவற்றையும் கலந்து, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாயம் ஏற்றியிருக்க வேண்டும். எனக்கு ஒழுங்கு பிடிக்கும். "அக்கா, பெட்டி வரிசையாவே பண்ணுங்க, குழப்பம் வராது" என்று நான்தான் சொன்னேன். அக்கா அப்படியே செய்தார். இரண்டு பெட்டிகள் முடிந்ததும் பொங்கல் விடுமுறை வந்தது. மூன்றாவது பெட்டிக்குப் புதிதாகச் சாயம் கலக்க வேண்டியிருந்தது.

ரத்தக் குழாய்களின் சுவர் பழுப்பாகத் தெரியும். பின்னணி நீலமாக இருக்கும். முதல் இரண்டு பெட்டிகளின் நீலம் அடர்த்தி. மூன்றாவது வெளிறல். கண்ணுக்குப் பழகாதவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனக்கு மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. அடர் நீலத்தில் பல ஸ்லைடுகளில் பழுப்பு வளையங்கள் நெருக்கமாக இருந்தன. வெளிறிய நீலத்தில் திசு பாதி வெறிச்சென்று கிடந்தது. ஆக, அடர் நீலம் என்றால் மருந்து பெற்றது.

அந்த நிமிடமே சாரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அடுத்த ஸ்லைடை வைத்தேன். எண்ணும் கருவி என் வலது உள்ளங்கையில் இருந்தது. ஒவ்வொரு குழாய்க்கும் கட்டை விரலால் ஒரு அழுத்து. பாதி வளையம் போல ஒரு பழுப்புக் கீற்று தெரியும். குழாயா, சாயத்தின் கறையா? அடர் நீலமாக இருந்தால் என் கட்டை விரல் அழுத்தியது. வெளிறிய நீலமாக இருந்தால் அழுத்தவில்லை. ஏமாற்றுகிறோம் என்று தோன்றவே இல்லை. இங்கே குழாய் இருக்கக் காரணம் இருக்கிறது, அங்கே இல்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

"அப்பா, மருந்து போட்ட எலிங்களுக்குக் குழாய் நிக்குதுப்பா. போடாத எலிக்கு அழிஞ்சி போயிருக்கு."

அவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தார். "குழாய்ன்னா?"

சின்ன ரத்தக் குழாய்களைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஒரு நிமிடத்தில் பிடிபட்டது.

"மெயின் லைன் நல்லாத்தான் இருக்கும். தெருவுல எரியும். வூட்டுக்கு இழுத்த சர்வீஸ் வயர் ஒண்ணொண்ணா அறுந்துக்கினே வந்தா, ஒவ்வொரு வூடா இருட்டாயிடும். அதான?"

"அதேதான்ப்பா."

"உன் மருந்து சர்வீஸ் வயர காப்பாத்துதா?"

"ஆமா. ஆனா அதே மருந்து கண்ணுல ஆகாது. போன வருசம் உனக்குக் கண்ணுல லேசர் வச்சாங்கல்ல, அங்க இதே வளர்ச்சிக் காரணி ஜாஸ்தியாகித்தான் கண்ட எடத்துல குழாய் மொளச்சி ரத்தம் கசிஞ்சிது."

"ஒரே ஆளு கிட்னி ஏரியாவுல நல்லவன், கண்ணு ஏரியாவுல ரவுடியா?" என்று அப்பா சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அப்படிச் சிரித்தார். "நம்ம ஊரு ஆளாத்தான் இருப்பான்."

"எலிக்கு இருக்கிற பவுசு இந்த வூட்ல மனுசனுக்கு இல்ல" என்றாள் அம்மா. ஆனால் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று நான் சொன்னவற்றையும் சொல்லாதவற்றையும் பிற்பாடு பல முறை பட்டியல் போட்டுப் பார்த்திருக்கிறேன். எலிகளுக்கு வேலை செய்கிறது என்று சொன்னேன். கண்ணுக்கு ஆகாது என்று சொன்னேன். உறை இன்னும் பிரிக்கப்படவில்லை என்று சொல்லவில்லை. மனிதர்களுக்கு வர எத்தனையோ ஆண்டுகள் ஆகும், வராமலே போகலாம் என்று சொல்லவில்லை. உன் கண்ணில் ரவுடியாக இருப்பவனை உன் உடம்புக்குள் எந்த டாக்டரும் ஊசி போட்டு விடமாட்டார் என்று சொல்லவில்லை. நீலத்தைப் பற்றியும் சொல்லவில்லை. அவர் மறுபடி சோற்றைக் கையில் எடுத்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்; அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதக் கடைசியில் ஃபிஸ்டுலாவுக்குத் தேதி கொடுத்தார்கள். அப்பா நாட்காட்டியைப் பார்த்தார்.

"மாசி மகம் முடியட்டும். சாமிங்க வர்ற ரூட்டுல லைன் தூக்கணும். நான் இல்லாட்டி அந்தப் பசங்க தேரோட குடைய வயருல மாட்டி வச்சிடுவானுங்க."

"மகத்துக்குப் போனாத்தான் சாமி கண்ணத் தொறக்குமா? கையத் தச்சிக்கினு போ, சாமி வேணாங்கப் போவுதா?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. பாப்பா வேலை முடியட்டும். கொஞ்ச நாள் பாக்கலாம்."

அம்மா சமையலறைக்கு என்னைக் கூப்பிட்டாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள். "நீ சொன்னா கேப்பாரு. சொல்லுடி. அந்த மருந்து இப்ப வருமா, வராதா?"

"உடனே வராதும்மா."

"அத அவராண்ட போய்ச் சொல்லு."

நான் போகவில்லை. எனக்கே அது வரும் என்று இருந்தது. என்ன படித்திருந்தாலும் அப்படித்தான் இருந்தது. அந்தத் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வாரமே சார் உறையைப் பிரித்தார். என் எண்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் கணினியில் போட்டார். முதல் வாரத்திலிருந்து மருந்து பெற்ற எலிகளில் குழாய்கள் நன்றாக நின்றிருந்தன. அதை அவர் எதிர்பார்த்திருந்தார். தாமதமாகப் பெற்றவற்றிலும் நின்றிருந்தன. அவர் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

"பாத்தியாம்மா? நோயாளிங்க எல்லாம் லேட்டாத்தானே வர்றாங்க! லேட்டா ஆரம்பிச்சாலும் வேலை செய்யுதுன்னா, இதுதான் விஷயம்!"

எனக்கும் அந்தக் கணம் அப்பாவின் முகம்தான் வந்தது. பிறகு, எண்ணும்போது நான் குறித்துவந்த நோட்டு நினைவுக்கு வந்தது. சந்தேகத்தோடு எண்ணிய ஒவ்வொரு குழாய்க்கும் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி வைக்கும் பழக்கம் எனக்கு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எதையும் குறிக்காமல் விட என்னால் முடியாது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புள்ளிகளை எண்ணினேன். வெளிறிய நீலத்தின் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. அடர் நீலத்தின் பக்கங்கள் கொசு உட்கார்ந்ததுபோல் இருந்தன. தாமதமாக மருந்து பெற்ற எலிகளில்தான் புள்ளிகள் மிக அதிகம். அங்கே குழாய் குறைவாக இருந்ததால் என் விரல் அதிகம் தேடியிருந்தது.

மறுநாள் காலை நோட்டைச் சாரின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி வரிசை, பொங்கல், நீலம், புள்ளி.

அவர் பக்கங்களை மெதுவாகத் திருப்பினார். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"சுவத்துல இருக்கிற அந்தத் தாள் யாரும்மா டைப் பண்ணது?"

"நான்தான் சார்."

"ம்" என்றார். "எல்லாத்தையும் மறுபடி கலந்து சாயம் போடச் சொல்லு. நீ எண்ண வேணாம்."

வேறொரு துறை மாணவர் எண்ணினார். இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரமும் நான் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. முடிவு தெரியாமல் என்னவென்று சொல்வது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நல்லது என்றால் முடிவுக்குக் காத்திராமல் சொன்னவள் நான். அவருடைய கணுக்காலில் குழி நாற்பது நொடி நின்றது. எழுதிவைத்தேன்.

மாசி மகத்துக்கு முந்தின நாள் சார் கூப்பிட்டார். முதல் வாரத்திலிருந்து வளர்ச்சிக் காரணி கொடுத்தால் குழாய்கள் காப்பாற்றப்படுகின்றன. நான் எண்ணிய அளவுக்கு இல்லை, ஆனால் உண்மையாகவே. தழும்பு விழுந்த பிறகு கொடுத்தால் மருந்தே கொடுக்காததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. காப்பாற்றுவதற்கு அங்கே குழாய் மிச்சம் இல்லை. இல்லாத ஒன்றை உயிரோடு இரு என்று சொல்ல முடியாது.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் போகும் வழியெல்லாம் கூட்டம். வெளியூர்ச் சாமிகள் வரிசையாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு சாமிக்கும் முன்னால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கவை வைத்த மூங்கிலால் குறுக்கே போகும் வயர்களைத் தூக்கிப் பிடிப்பார்கள். அப்பா நடுவீதியில் நின்று அண்ணாந்து பார்த்தபடி கத்திக்கொண்டிருந்தார். "தூக்கு! இன்னும் தூக்குடா! குடை வருதுடா, குடை!" சாமி வயருக்கு அடியில் நழுவிப் போனதும் கையை ஆட்டி அடுத்த கம்பத்துக்கு ஓடினார். ஓடவில்லை; ஓடுகிற மாதிரி நடந்தார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இன்னா பாப்பா, லேபுக்குப் போவலியா?"

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்ப்பா."

"சாமி போவட்டும் இரு."

இருபதுக்கு மேல் சாமிகள் போயின. மதியத்துக்கு மேல்தான் கடலோரம் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தார். ஷூவின் கயிற்றை அவிழ்க்கக் குனிய முடியவில்லை. நான் அவிழ்த்தேன். காலுறையின் வரிகள் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தன.

"நான் எண்ணுனது தப்புப்பா."

"எத்தினி தப்பு?"

"முன்னாடியே மருந்து போட்ட எலிக்கு வேலை செய்யுது. லேட்டா போட்டதுக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் கடலைப் பார்த்தார். ஒரு சாமியை அலையில் இறக்கிக் கொண்டிருந்தார்கள். மேளம் கூடிக்கொண்டே போனது. அது அடங்கியதும் கேட்டார்.

"நான் எந்த எலி?"

"லேட்டு."

தலையை ஆட்டினார். வியர்வையில் ஊறிய காலுறையைப் பிழிந்து படகின் விளிம்பில் போட்டார். "செக்‌ஷன்ல கூட வேலை செய்யற எல்லார்கிட்டயும் சொல்லிட்டனே. என் பொண்ணு மருந்து கண்டுபுடிக்குதுன்னு. இப்ப போயி எப்டி இல்லன்றது?"

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அவருக்கு அதற்கு மூச்சு இல்லை.

"அழுது இன்னா ஆவப் போவுது. டாக்டரம்மாவாண்ட டேட்டு வாங்கு" என்றார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கினேன். திங்கட்கிழமை காலை நான் கிளம்பும்போது அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாராம். எழுப்ப மனமில்லாமல் கையில் எழுதாமல் போனேன். பத்தரை மணிக்கு அம்மா எதிர்க் கடையிலிருந்து போன் செய்தாள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆட்டோவில் கொண்டுபோயிருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவில் முகத்தில் ஆக்சிஜனும், கழுத்தின் வலப்பக்கம் தடித்த குழாயுமாகக் கிடந்தார். வலது கையில் அழுத்தமானி சுற்றியிருந்தது. இடது முன்கையில், நான் தினமும் எழுதும் அதே இடத்தில், ஊசி ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மூச்சுக்குத் திணறுகிறவருக்கு முதலில் கண்ணில் பட்ட நல்ல நரம்பில் ஊசி போட்டிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை கழுத்துக் குழாய் வழியாக டயாலிசிஸ். அந்த ஊசியால் முன்கை நரம்பு வீங்கிக் கட்டிப்போய்விட்டதால், சித்திரையில் முழங்கைக்கு மேலே ஃபிஸ்டுலா போட்டார்கள். அறுவை செய்தவர் என் விரல்களை எடுத்துத் தையலுக்குப் பக்கத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் ஒரு அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. "இது இருக்கிற வரைக்கும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். தினம் காலையில தொட்டுப் பாருங்க. நின்னுட்டா உடனே வாங்க."

அப்பா கையைக் காதோடு வைத்துக் கேட்டார். "டிரான்ஸ்பார்மர் மாதிரியே ‘ம்ம்’முன்னு சத்தம் வருது பாப்பா. சப்ளை வந்துடுச்சி."

பத்து நாட்கள் நோட்டில் அதிர்வு என்ற தலைப்பின் கீழ் ‘உண்டு’ என்று எழுதினேன். தழும்பின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இரண்டும் தனித்தனியாக.

பதினோராம் நாள் காலை நான் காபி டபராவோடு வந்தபோது அப்பா கையைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"பாப்பா, சப்ளை இருக்கா பாரு. எனக்குக் காது சரியில்லன்னு நினைக்கிறேன்."

டபராவைக் கீழே வைத்துவிட்டு விரல்களை வைத்தேன். தோல் குளிர்ந்திருந்தது. அழுத்தினேன். ஏதோ துடித்தது. மெல்லியதாக, சீராக. விரலை எடுத்து என் கட்டை விரலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அங்கேயும் அதே துடிப்பு. என்னுடையது. மறுபடி அவர் கையில் வைத்தேன். மேலே, கீழே, தழும்பின் மீதே. அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டுப் பார்த்த அதே மாதிரி. இருக்கிறது என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். எனக்குமே ஒரு கணம் இருப்பது போலத்தான் இருந்தது.

"இல்லப்பா" என்றேன்.

அவர் கையை மடியில் இறக்கி வைத்தார்.

"லைன் போயிடுச்சின்னு எழுதிக்க" என்றார்.

நோட்டை எடுத்து, ‘இல்லை’ என்று எழுதினேன். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக. உள்ளே அம்மா வேகவைத்த காயின் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டும் சத்தம் கேட்டது. ஆட்டோ பிடிக்க வெளியே போனேன்.